ஒத்தி மாஸ்டர்

அவர் பிடித்தால் வலிக்கும். ஆள் ஒல்லி. வெள்ளை டிரில் கோட்டு அவர் தோளில் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கும். குரலும் சன்னம்தான். ஆனால் வண்டி வருகிற நேரத்தில் அவருடைய விரல்கள் நம் முழங்கைக்கு மேலே விழுந்தால் அந்த இடம் சிவந்து, மறுநாள் கன்றிப்போய், மஞ்சள் பூத்துத்தான் மறையும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ரயிலேறியவர்களில் பாதிப் பேர் கையில் அந்தத் தடம் ஒரு தடவையாவது இருந்திருக்கும். என் கையிலும் இருந்தது.

மதுரைக்குத் தெற்கே, திருப்பரங்குன்றத்து மலை கண்ணுக்கு மறைந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். அப்பா பருத்தி அரைக்கிற ஜின்னிங் பேக்டரியில் கணக்குப்பிள்ளை. நான் டிரெயினிங் முடித்து மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் உலகச் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ரயிலுக்கு வந்துவிட்டார்கள். ரயிலை நடத்திய கம்பெனியோ வண்டிகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. காலையில் ஒரு பாசஞ்சர், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் திரும்பிவர ஒன்று. மில்லுக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், தயிர்க்காரிகள், கீரைக்கட்டு, கோழிக்கூடை, எல்லாவற்றுக்கும் நடுவில் குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக நான்.

ரயிலடியில் இரண்டு மாஸ்டர்கள். பெரிய மாஸ்டர் ரிட்டையர் ஆகப்போகிறவர். தந்தி மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டார். பிளாட்பாரத்துக்கு வருகிறவர் சின்ன மாஸ்டர். நான் சொல்லவந்தது அவரைப் பற்றித்தான்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த புதுசு. வண்டியேற்றிவிட அப்பாவும் கூட வருவார். எங்கள் ஊரில் நிற்காத மெயில் வண்டி ஒன்று காலையில் அலறிக்கொண்டு கடந்துபோகும். அது வருகிறது என்று தெரியாமல் விளிம்போரமாக நின்று, தூக்கின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். யாரோ கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். தடுமாறி அப்பாமேல் போய் விழுந்தேன். வண்டி போன காற்றில் தூக்கு மூடி எங்கோ பறந்துவிட்டது. அப்பா என்னைத் தாங்கிக்கொண்டு, இழுத்த சின்ன மாஸ்டரைப் பார்த்தார்.

"சேலை பறக்குது பாருங்க. வண்டி கேட்டுட்டு இழுக்காதுங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் நெடுநேரம் பொரிந்தார். வயசுப் பெண்ணை நடு ரயிலடியில் கையைப் பிடித்து இழுத்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அடுத்த வாரம் அப்பாவையே அவர் பிடித்து இழுத்தார். அதன்பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"ஒத்தி நில்லுங்க" என்பதுதான் அவர் வாயில் எந்நேரமும் இருக்கிற சொல். விலகி நில் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். குழந்தையிடம் சொல்வார், போலீஸ்காரரிடம் சொல்வார், பிளாட்பாரத்தில் ஏறிவந்த கன்றுக்குட்டியிடமும் சொல்வார். ஒத்தி மாஸ்டர் என்றே பெயராகிவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டு, இவர் நிலபுலம் ஒத்திக்குப் பிடிக்கிறவர் போலிருக்கிறது என்று பத்திரத்தோடு வந்து நின்றதாகப் போர்ட்டர் மாயாண்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ரயிலடியோடு அது நிற்கவில்லை. கல்யாண வீட்டில் மணமேடை ஓரத்தில் நின்று தாம்பூலம் வாங்கிக்கொண்டிருந்த சம்பந்தியைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். கண்மாய் நிறைந்த வருஷம் ஊரே கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தது. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்துக்கொண்டு கரை நெடுக நடந்தார். அவர் மனைவி வாய்விட்டுப் பேசுகிறவர். "ராத்திரி கட்டில் ஓரத்துல படுப்பேன் டீச்சர். காலையில பாத்தா நடுவுல கெடப்பேன். தூக்கத்துலயே நகத்தி விட்டுருவாரு," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரித்தார். முழுக்கச் சிரித்தார் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும் என்று ஊர் நினைத்தது. முதல் குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். வேறு ஊரில் வேலை பார்த்தபோது கண்முன்னால் தம்பி வண்டியில் அடிபட்டதாகச் சிலர் சொன்னார்கள். ஒருநாள் சாயங்கால வண்டிக்காகக் காத்திருந்தபோது நானே அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் சங்கடப்பட்டார்.

"எல்லாரும் கேக்குறாக. ஒண்ணும் நடக்கலை டீச்சரம்மா. அப்பா அம்மா தம்பி தங்கச்சி எல்லாம் நல்லா இருக்காக. ஓரத்துல ஆள் நின்னா என்னால பாக்க முடியலை. அம்புட்டுத்தான்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு துக்கம் இருந்திருந்தால் அவரைப் புரிந்துகொள்வது எளிது என்று தோன்றியது.

எங்கள் பிளாட்பாரம் சின்னது. நடுவில் ஸ்டேஷன் கட்டடத்துக்கு முன்னால் மட்டும் கல் வைத்துக் கட்டி உயர்த்தியிருக்கும். வடக்கே போகப்போக உயரம் கொஞ்சம் குறையும், தெற்கே போனால் சரிந்து வெறும் ஜல்லியாகிவிடும். உள்ளே வர ஒரே கேட், அதுவும் நட்டநடுவில். வேப்பமரம் நடுவில். தண்ணீர்ப்பானை நடுவில். பணியாரம் விற்கிற அம்மா உட்கார்ந்திருப்பதும் நடுவில். ஆகவே ஜனமும் நடுவில். வண்டி வந்து நின்றதும் அத்தனை பேரும் நடுப்பெட்டி இரண்டில் போய் மோதுவார்கள். இறங்குகிறவர்களுக்கு இறங்க வழி இருக்காது. கார்டு விசில் ஊதுவார். படியில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் போவார்கள், விட்டுப்போனவர்கள் திட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். வண்டியில் இடமே இல்லை, கம்பெனி இன்னும் இரண்டு பெட்டி சேர்க்க வேண்டும் என்று ஊரில் எல்லாரும் பேசினார்கள். நானும் பேசினேன்.

சின்ன மாஸ்டர் ஒருநாள் வண்டி கிளம்பும்போது அதன் கூடவே நடந்து பார்த்திருக்கிறார். முன்னால் இருந்த பெட்டிகளில் ஆட்கள் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவர் பெட்டி கேட்கவில்லை. தண்ணீர்ப்பானையை வடக்கு ஓரத்துக்கு மாற்றினார். சரக்கு இறக்க வைத்திருந்த பழைய கேட் ஒன்று அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. அதை எண்ணெய் விட்டுத் திறந்து மாயாண்டியை அங்கே டிக்கெட் பார்க்க வைத்தார். பணியாரக்காரம்மாதான் நகரமாட்டேன் என்றார். அந்த அம்மாவுக்குப் பெரிய குரல். ஊர்ப் பஞ்சாயத்தே அவரிடம் கேட்டுத்தான் பேசும்.

"ஆளு இருக்கிற எடத்துக்கு நான் வாரதில்ல மாஸ்டரே. நான் இருக்கிற எடத்துக்குத்தான் ஆளு வரும்," என்றார்.

"அதுக்காகத்தான்க்கா உங்களை நகரச் சொல்றேன்," என்றார் சின்ன மாஸ்டர்.

அந்தப் பதில் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாதிக் கூட்டம் அவர் பின்னால் போயிற்று.

இன்னொன்றும் செய்தார். எஞ்சின் வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்து, அதற்கு நேராக நிறுத்தும்படி டிரைவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அதுவரை பெண்கள் பெட்டி ஒருநாள் ஓரிடத்தில் நிற்கும், மறுநாள் வேறிடத்தில் நிற்கும். நாங்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கல் நட்ட பிறகு நாங்கள் நிற்கிற இடத்துக்கே பெட்டி வந்தது. அந்த வசதிக்கு ஆன செலவு ஒரு சட்டிச் சுண்ணாம்பு. ஓடாமல் வேலைக்குப் போவது எவ்வளவு மரியாதையான விஷயம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதெல்லாம் ஊருக்குப் பிடித்தது. பிடிக்காத காரியம் தெற்கு ஓரத்தில் ஆரம்பித்தது.

தெற்கே ஜல்லியில் நின்றவர்கள் பண்ணை வேலை செய்கிற ஜனங்கள். அவர்கள் குடியிருப்பும் ஊருக்குத் தெற்கேதான். டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலை. எங்கே நிற்க வேண்டும் என்று டிக்கெட்டில் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் அவர்கள் கல் பிளாட்பாரத்தில் ஏறமாட்டார்கள், ஏறினால் ஏன் என்று கேட்க ஆள் இருந்தது. ஜல்லியிலிருந்து பார்த்தால் வண்டியின் படி நெஞ்சு உயரத்தில் இருக்கும். ஆண்கள் தொற்றி ஏறிவிடுவார்கள். தலைச்சுமையோடு பெண்கள் ஏறுவதைப் பார்க்கவே எனக்குக் கூசும். நான் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

ஒருநாள் காலை இருளாயி என்கிற பெண் புளிமூட்டையோடு ஏறினாள். மதுரைக்குக் கொண்டுபோய் விற்பதற்காக ஊர்ப் புளியமரத்தில் உலுக்கிச் சேர்த்தது. ஒரு கால் படியில், ஒரு கால் ஜல்லியில். வண்டி குலுங்கி நகர்ந்தது. மூட்டையும் அவளும் சேர்ந்து சரிந்ததை நான் பெண்கள் பெட்டி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சின்ன மாஸ்டர் எங்கிருந்து ஓடிவந்தாரோ தெரியாது. கையில் கிடைத்தது அவள் கொண்டையும் ஒரு கையும். இழுத்தார். அவள் வெளியே வந்தாள், மூட்டை வரவில்லை. வண்டி நின்று நாங்கள் இறங்கிப் பார்த்தபோது தண்டவாளம் நெடுக புளி அரைபட்டு அப்பிக்கிடந்தது. இழுத்த வேகத்தில் அவள் தோள்மூட்டு இறங்கிவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு புளியைப் பார்த்து அழுதாள். சின்ன மாஸ்டர் கொஞ்சதூரம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். தெற்கு ஓரத்தையும் கல் வைத்துக் கட்டித்தர வேண்டும் என்று கேட்டார். சண்டைக் காலத்தில் அதற்கெல்லாம் பணமில்லை என்று பதில் வந்தது. பாதை பராமரிக்கிற இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தபோது நேரில் கேட்டார். சும்மா கிடக்கிற பொருளை எடுத்துக்கொள், காசு மட்டும் கேட்காதே என்றார் அவர். அது போதுமாயிருந்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கழற்றிப்போட்ட பழைய சிலிப்பர் கட்டைகள் பாதையோரம் எங்கும் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து விளிம்புக்குச் சுவர்போல அடுக்கினார். உள்ளே நிரப்ப எஞ்சின் சாம்பல். மதுரை ஷெட்டில் அது மலைமலையாகக் குவிந்து கிடந்தது. காலியாகத் தெற்கே போகிற சரக்கு வேகனில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அனுப்பும்படி அங்கே யாரையோ பிடித்திருந்தார். கையைப் பிடித்துத்தான் கேட்டிருப்பார் என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம்.

அறுப்பு முடிந்து வேலை ஓய்ந்த நாட்கள். தெற்குக் குடியிருப்பு ஜனங்கள் மண்வெட்டியோடும் கூடையோடும் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சாம்பலைக் கொட்டித் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கினார்கள். தோள் சரியாகாத இருளாயி ஒரு கையால் தண்ணீர் தெளித்தாள். சாயங்கால வண்டியில் நான் இறங்கும்போது எல்லாரும் தலை முதல் கால்வரை கறுப்பாக, கண் மட்டும் தெரிய நிற்பார்கள். அவர்களோடு கறுத்துப்போய் நிற்கிற டிரில் கோட்டை வைத்துத்தான் மாஸ்டரை அடையாளம் காண முடியும். கோடை வருவதற்குள் பிளாட்பாரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மட்டமாகிவிட்டது.

ஒரே மட்டமானதுதான் சங்கடம். எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர் என்று ஒருவர். பருத்திக்காடு நிறைய உண்டு. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர், பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்தவர். அவர் ஒருநாள் ரயிலடிக்கு வந்து புது மேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"மேடு போட்டது சரி மாஸ்டர். அவுகளுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு இந்தப் பக்கம். நடுவுல ஒரு வேலி கட்டிருங்க."

"வேலி கட்டுனா கூட்டம் வந்து அதுல நசுங்கும்ங்கய்யா," என்றார் சின்ன மாஸ்டர். "நெரிசல் வந்தா ஒத்திப் போக எடம் வேணும்."

அவர் கூட்டத்தைப் பற்றித்தான் பதில் சொன்னார். பெரிய வீட்டுக்காரருக்கு அது வேறு பதிலாகக் கேட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் மத்தியான வண்டிக்கு எங்கள் ஊரும் சுற்றுப்பட்டு ஊர்களும் ரயிலடியில் வந்து இறங்கின. எப்போதும் வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட அந்த வருஷம் மாட்டுக்குத் தீவனம் இல்லாமல் ரயிலுக்கு வந்திருந்தார்கள். மொட்டை போட்ட குழந்தைகள், கட்டுச்சோற்று மூட்டைகள், அழகர் வேஷம் கட்டித் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள். வெயில் தகரக் கூரையைப் பிளந்துவிடும்போல இருந்தது. வண்டி தெற்கேயிருந்து ஏற்கெனவே நிரம்பித்தான் வரும் என்று தந்தி வந்துவிட்டது.

நான் அம்மாவோடு வடக்கு ஓரத்தில் நின்றேன். கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாரும் சேர்ந்து சாய்ந்தோம். கால் தரையில் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்து அலறினார்கள். அத்தனை பேரைப் பிடித்து இழுக்க ஒரு மனிதருக்கு எத்தனை கை இருக்கும்? சின்ன மாஸ்டர் பணியாரக்காரம்மாவின் முக்காலிமேல் ஏறி என்னவோ சொன்னார். அந்தச் சன்னக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து அந்த அம்மாவின் காதில் சொன்னார். அம்மா எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் உக்காருங்க. உக்காந்தவுகளுக்குத்தான் வண்டி. நிக்கிறவுகளுக்குக் கெடையாது."

அந்தக் குரலுக்கு ஊர் பழகியிருந்தது. வடக்கே இருந்தவர்கள் முதலில் உட்கார்ந்தோம். அது ஓர் அலைபோலத் தெற்கே போயிற்று. உட்கார்ந்த கூட்டம் நெருக்கித் தள்ளாது. இது எவ்வளவு சின்ன விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று மூச்சு வந்தது. கதவுகள் எங்கெங்கே வந்து நிற்கும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அந்தந்த இடத்தில் மாயாண்டியும் பாதை வேலை செய்கிற கேங்கு ஆட்களும் வழி பிரித்து விட்டார்கள்.

நடுவில், கல்தரை முடிந்து சாம்பல் தரை தொடங்குகிற இடத்தில், ஒருவர் மட்டும் நின்றார். பெரிய வீட்டுக்காரர். சுற்றிலும் யார் யாரோ கலந்து உட்கார்ந்திருந்த தரையில் அவர் உட்காரத் தயாராக இல்லை. அவர் நிற்பதைப் பார்த்து அவருடைய ஆட்கள் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். வண்டி வருகிறதென்று கைகாட்டி இறங்கிவிட்டது. சின்ன மாஸ்டர் அவரிடம் போய்க் கும்பிட்டார். கையைப் பிடிக்கவில்லை. "நீங்க நின்னா எல்லாரும் எந்திரிப்பாகய்யா," என்று மட்டும் சொன்னார். பெரிய வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

அவருடைய சம்சாரம் கனத்த உடம்புக்காரர். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர். மாசமாக இருந்த மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றவர், புருஷனை ஒருதரம் பார்த்துவிட்டு, அந்தச் சாம்பல் தரையில் மெல்ல உட்கார்ந்தார். மருமகளையும் உட்கார வைத்தார். பக்கத்தில் இருளாயி இருந்தாள். அவள் நகர்ந்து இடம் விட்டாள். வேலைக்காரன் அவசரமாக ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட, பெரிய வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்.

வண்டி வந்தது. எல்லாரும் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி நிற்பதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். தன் வீட்டுப் பெண்களுக்கு நல்ல பெட்டியாகப் பார்க்க விளிம்புக்குப் போனார். அந்தக் காலத்துப் பெட்டிக் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே நெரிபட்ட யாரோ ஒருவன் அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டிருந்தான். அது அகல விரிந்து, வண்டியோடு வந்துகொண்டிருந்தது. பெரிய வீட்டுக்காரர் தன்னைத் தாண்டிப்போன எஞ்சின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

சின்ன மாஸ்டர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். பெரிய வீட்டுக்காரர் மல்லாந்து, உட்கார்ந்திருந்த தெற்குக் குடியிருப்பு ஜனங்கள்மேல் போய் விழுந்தார். கதவு வீசிக்கொண்டு கடந்துபோயிற்று. அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல். தலைப்பாகை உருண்டு இருளாயி மடியில் கிடந்தது. அவள் அதைத் தொடுவதா, விடுவதா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்து ஏறினோம். ஒரு குழந்தையின் கால் மிதிபடவில்லை. எங்கள் ரயிலடியில் அன்று யாரும் விட்டுப்போகவும் இல்லை.

திருவிழா முடிந்த கையோடு புகார் போயிற்று. சின்ன மாஸ்டர் பிரயாணிகளைக் கைநீட்டித் தொடுகிறார், அடித்து இழுக்கிறார், ஆண் பெண் பார்ப்பதில்லை, இன்னார் இனியார் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார்களாம். விசாரிக்க மேலிடத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பொறுமையான மனிதர். ஸ்டேஷன் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து, சொல்ல விரும்புகிறவர்கள் வந்து சொல்லலாம் என்றார்.

ஊர் திரண்டு வந்தது, மாஸ்டருக்காகத்தான். பணியாரக்காரம்மா முதலில் போனார். தன்னை இரண்டு தடவை இழுத்திருக்கிறார், இல்லாவிட்டால் தன் எலும்புகூட மிஞ்சியிருக்காது என்றார். மில்லுக்குப் போகிற ஆட்கள் சட்டைக் கையைச் சுருட்டித் தடத்தைக் காட்டினார்கள். இருளாயி வாசலுக்கு வெளியிலேயே நின்று, என் கொண்டையைப் பிடித்து இழுத்த சாமி அவர் என்றாள். ஒவ்வொருவர் சொல்வதையும் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தார். எழுத எழுத அவர் முகம் வாடியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவரைக் காப்பாற்ற வந்த ஒவ்வொருவரும் புகாரை நிரூபித்துக்கொண்டிருந்தோம்.

நான் போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். கல்யாணமாகாத பெண் பத்துப் பேர் முன்னால் ஒருவர் கையைப் பிடித்தார் என்று சொல்லலாமா என்று அம்மாவும் அழுதார். இருந்தும் போனேன். உங்களைத் தொட்டாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அது அவரைக் காப்பாற்றும் என்றால் சொல்லியிருப்பேன். அத்தனை பேர் சொன்ன பிறகு என் பொய்யால் என்ன ஆகும்?

"ஆமா சார். தொட்டதுனாலதான் இப்ப உங்க முன்னால நிக்கிறேன்," என்றேன்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டுச் சின்ன மாஸ்டரைப் பக்கத்தில் கூப்பிட்டார். நாங்கள் வாசலில் கூடி நின்றோம். நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே பிரயாணிகள் யாரையும் தொட மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் இதோட முடிச்சுர்றேன். நீங்க இங்கயே இருக்கலாம்."

மாஸ்டர் பேனாவை வாங்கினார். தாளைத் தன் பக்கம் நேராக்கி வைத்துக்கொண்டார். எழுதிவிடுங்கள் என்று மாயாண்டி முணுமுணுத்தான். எழுதிவிட்டு இழுத்தால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நான்கூட நினைத்தேன். அவர் பேனாவை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"எழுதலாம் சார். ஆனா நாளைக்குக் காலையில வண்டி வருமே," என்றார்.

அதை அவர் வீறாப்பாகச் சொல்லவில்லை. தன்மேலேயே சலித்துக்கொண்டு சொன்னதுபோல இருந்தது. இன்ஸ்பெக்டர் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாற்றல் உத்தரவு வந்தது. தெற்கே ரொம்ப தூரத்தில், முள்ளுக்காட்டுக்கு நடுவில் ஒரு ஸ்டேஷன். எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழி விடுவதற்காக மட்டும் கட்டியது. பாசஞ்சர் நிற்காது. அவரைத் தண்டிக்க அதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடியிருக்க முடியாது என்று நான் கொதித்துப்போயிருந்தேன். கிளம்புகிற அன்று சாமான்களுக்கு நடுவில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்துப் பக்கத்தில் போனேன். அவரே பேசினார்.

"அங்க ஆளே கெடையாதாம் டீச்சரம்மா. இனியாச்சும் தூங்கலாம்."

நான் ஒரு மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு இன்னும் கிட்டத்தில் போனேன்.

"கண்ணை மூடுனா யாராச்சும் ஓரத்துல நிக்கிறாக. இந்த ஊருக்கு வந்ததுல இருந்து அப்படித்தான். அந்தப் பொண்ணு புளிமூட்டையோட விழுந்ததுக்கப்புறம் சுத்தமாத் தூக்கமில்ல." பிறகு சிரித்தார். அவர் அப்படி நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு நாளும் அவரைத் தைரியசாலி என்று நினைத்திருந்தேன். எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து அவர் ஒருவரே பயந்துகொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. போகட்டும், தூங்கட்டும் என்று எனக்கும் தோன்றியது. வண்டி கிளம்பியபோது அவர் மனைவிதான் அழுதார். அவர் அழவில்லை.

அடுத்து வந்த மாஸ்டர் நல்ல மாதிரி. யாரையும் தொடமாட்டார். நடுவில் வேலி கட்ட வேண்டும் என்று மறுபடியும் பேச்சு வந்தது. பெரிய வீட்டுச் சம்சாரத்தம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். உண்மையா என்று தெரியாது, வேலி வரவில்லை. அந்த மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

ஒரு வருஷம் போயிருக்கும். போர்ட்டர் மாயாண்டி தன் மச்சினன் வீட்டுக்குத் தெற்கே போய்விட்டு, வழியில் அவரைப் பார்த்து வந்திருந்தான். காலை வண்டிக்கு நிற்கும்போது எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டோம். அங்கே ஆள் இல்லை என்பது சும்மா பேச்சாம். முள்ளுக்காட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று கிராமம் இருக்கிறதாம். வண்டி நிற்காததால் அந்த ஜனங்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, ஆற்றுப் பாலத்தையும் தாண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறுவார்களாம். பாலத்தில் நடக்கும்போது வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த மாசத்திலேயே இவர் அவர்களுக்கு முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் என்று கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டாராம். அதோடு, பாசஞ்சர் அங்கே நிற்க வேண்டும் என்று கிராமத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலிடத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். முதலில் போன இடத்தில், உன்னை அங்கே போட்டதே பாசஞ்சர் நிற்காது என்பதற்காகத்தானே என்று சிரித்தார்களாம். நம்மிடம் விசாரணைக்கு வந்த அதே இன்ஸ்பெக்டர்தான் கடைசியில் சிபாரிசு செய்தாராம்.

"நிக்குதா?" என்று பணியாரக்காரம்மா கேட்டார்.

"நிக்குதுக்கா. போன வாரம் மொத வண்டி நின்னுச்சு. ஊரே வந்து எஞ்சினுக்குத் தேங்கா ஒடைச்சுச்சாம். கூட்டம்னா கூட்டம், அம்புட்டுக் கூட்டமாம்."

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவர் தூங்குகிறாரா என்று நான் மாயாண்டியிடம் கேட்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"அதைக் கேக்கலையே டீச்சர்," என்றான்.